பெட்ரோல் நோட்டில் மூன்று வருஷம்

என் காருக்கு வயது எட்டு. ஆயிரம் சிசி பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர். பெரும்பாலும் சேலத்துக்குள் ஓட்டம், மாதம் இரண்டு முறை கோவை, எப்போதாவது ஏற்காடு. மூன்று வருஷமாக ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் நோட்டில் எழுதி வருகிறேன். எப்போதும் ஒரே பங்க். கன் தானாக நின்றதும் போதும் என்றுவிடுவேன். ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். மீட்டரில் தெரியும் சராசரியை வைத்து முடிவுக்கு வராதீர்கள். என் காரில் அது எப்போதும் ஒரு கிலோமீட்டர் கூட்டியே காட்டும்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க முதலில் வாங்கியது, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் (மெக்கானிக் கார் கம்ப்யூட்டரைச் சோதிக்கக் கருவி செருகும் இடம்) செருகும் ‘பெட்ரோல் சேவர்’. 700 ரூபாய். 240 கிலோமீட்டர் ஓட்டினால் நம் பழக்கத்தைக் கற்றுக்கொண்டு இன்ஜின் கம்ப்யூட்டரையே திருத்திவிடும் என்று அட்டையில் போட்டிருந்தது. நாலு டேங்க் ஓட்டினேன். முன்பு 14.4, அப்புறம் 14.3. பிரித்துப் பார்த்தேன். மினுக்கும் எல்இடி விளக்குகள், சில ரெசிஸ்டர்கள், ஒரு சின்ன சிப். கார் கம்ப்யூட்டரின் தகவல் வரும் 6, 14 ஆம் பின்களிலிருந்து உள்ளே ஒரு இணைப்பும் இல்லை. கற்றுக்கொள்ள அதற்குக் காதே கிடையாது. பெட்ரோல் ஹோஸில் மாட்டும் காந்தத்துக்கும் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தும், சொல்லும்படியாக மைலேஜ் கூட்டிய ஒன்றைக்கூடக் காணவில்லை.

உருப்படியாக உதவியது, அதே சாக்கெட்டில் செருகும் சாதாரண ப்ளூடூத் ஸ்கேனர். அது ஒரு சொட்டும் மிச்சம் பிடிக்காது. ஆனால் நம் வலது கால் என்ன செய்கிறது என்பதைப் போனில் அப்படியே காட்டிவிடும். சேலம் ஐந்து ரோடு சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது மணிக்கு 0.7 லிட்டர், ஏசி போட்டால் இன்னும் மேலே. அன்றிலிருந்து அரை நிமிஷத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் இன்ஜினை அணைத்துவிடுகிறேன்.

கோவை ரோட்டில்தான் பெரிய வித்தியாசம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் அது ஒன்றரை மடங்குக்கும் மேல். முன்பு 100-ல் போய் 16 கிடைத்தது, இப்போது 80-ல் போய் 19.5. போய்ச் சேர இருபது நிமிஷம் கூடுதலாகிறது, அவ்வளவுதான். டயர் காற்றை வண்டி சூடாகும் முன், காலையில் பார்க்க வேண்டும். ஒருமுறை 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தது. அந்த டேங்க் மட்டும் நோட்டில் தனியாகக் குறைந்து நிற்கிறது.

இதில் எனக்குச் சங்கடமாக இருந்தது அப்பாவிடம் பேசுவதுதான். அவர்தான் எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். ஏற்காடு இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் பாடம். அவர் ஓட்டிய அம்பாசடருக்கு அது சரிதான். கார்புரேட்டர் வண்டியில் காலை எடுத்தாலும் இன்ஜின் சுற்றுகிற வேகத்துக்குப் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி அப்படி இல்லை. கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறங்கும் சக்கரமே இன்ஜினைச் சுற்றும். பெட்ரோல் அடியோடு நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கும். பிரேக்கும் சூடேறும், வண்டியும் கைக்கு அடங்காது.

வாயால் சொன்னபோது அவர் நம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காரவைத்துப் போனைக் கையில் கொடுத்து இறங்கினேன். இரண்டாவது கியரில் வந்த பகுதி முழுக்கப் பூஜ்ஜியம். பாதை நேராக இருந்த இடத்தில் ஒரு நொடி நியூட்ரல் போட்டதும் மணிக்கு 0.6 லிட்டர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இப்போது மொத்தச் சராசரி 17-க்குப் பக்கம். மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் மிச்சம். போன மாதம் ஏற்காட்டிலிருந்து திரும்பும்போது அப்பாதான் ஓட்டினார். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும்வரை கியரை நியூட்ரலுக்குத் தள்ளவே இல்லை.