வாசகம் தாங்கிய சட்டை: ஒரு மதிப்புரை

பெர்ஷிங் என்னும் அமெரிக்க அணு ஏவுகணைகளை 58 சதவீதத்தினர் விரும்பவில்லை என்று கொட்டை எழுத்துகளில் அறிவித்த சட்டையோடு, ஆடை வடிவமைப்பாளர் கேத்தரின் ஹாம்னெட் 1984இல் பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சரைச் சந்தித்த படம் இன்றும் பேசப்படுகிறது. அந்த மரபைச் சொந்தம் கொண்டாடும் டி-சர்ட் ஒன்றை, ‘குறைவாக வாங்கு’ என்ற வாசகத்துக்காகவே வாங்கினேன் (முரண் புரிகிறது).

துணி நல்ல பருத்தி, தையலும் உறுதி. எழுத்துகள்தாம் ஏமாற்றம். அவை பிளாஸ்டிசால் என்னும் பிளாஸ்டிக் சார்ந்த மையில் அச்சிடப்பட்டவை. இந்த மை இழைக்குள் இறங்காமல் துணியின் மேல் படலமாகப் படிவதால் நிறம் பளிச்சென்று தெரிந்தாலும், அச்சிட்டபின் போதிய சூட்டில் பதப்படுத்தாவிட்டால் சலவையில் விரிசல் விடும். என் சட்டையிலும் அவ்வாறே விரிசல் கண்டது. நீர் சார்ந்த மை சற்று மங்கலாகத் தெரிந்தாலும் இழையோடு ஒன்றிவிடும்.

இதைவிட உறுத்துவது கழுத்துப்புறச் சீட்டு. நுகர்வைக் கண்டிக்கும் ஓர் ஆடை, தன்னைத் தைத்தவர்களின் கூலியைப் பற்றியோ பணிச்சூழலைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லாமல், நாட்டின் பெயரோடு நின்றுவிடுவது, அது விடுக்கும் விமர்சனத்தையே வெறும் அலங்காரமாக்கிவிடுகிறது. வாசகத்துக்கு முழு மதிப்பெண் தருவேன், சட்டைக்குப் பாதிதான். இருக்கும் பழைய சட்டையிலேயே அவ்வாசகத்தை நூலால் தைத்துக்கொள்வதைப் பரிந்துரைக்கிறேன்.