ஆளில்லாத வளவின் உரிமையாளரைத் தேட: அயலா, காணிப் பதிவகமா, புரோக்கரா?

திருகோணமலை நகருக்குள்ளும் நிலாவெளி வீதிப் பக்கமும் கூரையில்லாத சுவரும் பற்றை மூடிய கிணறுமாகச் சில வளவுகள் இன்னும் கிடக்கின்றன. 1983இலும் 1990இலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியவர்கள் விட்டுப்போனவையும் அவற்றில் உண்டு. அப்படியொன்றை முறையாக வாங்க நினைப்பவர் முதலில் யாரிடம் போவது?

அயலவரிடம்தான் என்பேன். பக்கத்து வீட்டு அம்மாவைக் கேட்டால், "அது மாஸ்டரின்ர வளவு தம்பி, பிள்ளையள் கனடாவில" என்று உடனே சொல்லிவிடுவார். தொலைபேசி இலக்கம் வேண்டுமா? கோயிலில் விசாரியுங்கள். வெளிநாட்டுக்குப் போன குடும்பங்கள் திருவிழா உபயத்துக்கு இன்னும் காசு அனுப்புவதுண்டு. நிர்வாகத்திடம் தொடர்பு இருக்கும். கிராம சேவகருக்குத் தெரிந்தது பெரும்பாலும் இப்போது குடியிருப்பவர்களைத்தான். சோலைவரிப் பதிவேட்டில் அப்பப்பா பெயரே மாறாமல் கிடக்கலாம்.

சரி, ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அவர் கையெழுத்து வைத்தால் காணி உங்களுடையதாகுமா? அதைப் பார்க்கக் காணிப் பதிவகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே வீதிப் பெயரைச் சொல்லித் தேடுவது கடினம். ஃபோலியோ இலக்கம், அதாவது அந்தக் காணி பதியப்பட்ட பக்கத்தின் இலக்கம் வேண்டும். பக்கத்துக் காணியின் உறுதி கைகொடுப்பது இங்கேதான். அதன் அட்டவணையில் கிழக்கே இன்னாரின் காணி, தெற்கே ஒழுங்கை என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். இரண்டும் ஒரே பெருங்காணியிலிருந்து பிரிந்தவை என்றால், அந்த உறுதியின் ஃபோலியோவைப் பிடித்துப் பின்னோக்கிப் போய் நீங்கள் தேடும் துண்டுக்கு வந்துவிடலாம். யார் யாருக்கு எழுதினார், சீதனமா அறுதி விற்பனையா, ஈட்டில் (அடமானத்தில்) இருக்கிறதா எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். நொத்தாரிசின் உறுதி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பிரதிக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் கடைசிப் பெயர்க்காரர் இறந்துவிட்டாரா என்பதைப் பதிவேடு தானாகச் சொல்லாது. உயில் இல்லாவிட்டால் பொதுச் சட்டப்படி துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதி. முஸ்லிம் குடும்பங்களில் பங்கு முறை வேறு. லண்டனில் இருக்கும் மகன் மட்டும் "ஓம்" என்றால் போதாது. எத்தனை பிள்ளைகள், யார் எங்கே என்று அறிய மறுபடி அயலவரிடம்தான் வர வேண்டும். அது பெர்மிட் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் முதலில் பிரதேச செயலகம். அனுமதியில்லாமல் கைமாற்ற முடியாது.

புரோக்கர் வேகமானவர், மறுக்கவில்லை. ஆனால் அற்றோணித் தத்துவத்தின் (உரிமையாளருக்காகக் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) போட்டோப் பிரதியோடு வருபவரிடம், அதைக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் இறந்தால் அந்த அதிகாரமும் முடிந்தது. உரிமையாளரோடு நேரே பேசாமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு ஆலோசனையும் காதில் விழும்: "வேலியை அடைச்சுப்போட்டு இரு, பத்து வருசத்தில உனக்குத்தான்." 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டத்தை வைத்துச் சொல்லும் பேச்சு அது. போரால் தங்கள் காணிக்குத் திரும்ப முடியாமல் போனவர்களை இந்தப் பத்து வருசக் கணக்குப் பாதிக்காதிருக்க 2016இல் விசேட சட்டம் ஒன்றே கொண்டுவர வேண்டியிருந்தது. ஓடிப்போனவரின் வளவை இப்படி எடுப்பதை என்னால் ஒரு வழியாகவே எண்ண முடியாது.

நொத்தாரிசுமார் வழக்கமாகக் கடைசி 30 வருட உரித்தை, அதாவது காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதைத் தேடுவார்கள். இந்த ஊரில் அது போர்க்காலத்துக்குள்ளேயே நின்றுவிடும். 1983க்கு முந்திய பதிவு வரை போகச் சொல்லுங்கள், செலவு கூடினாலும்.