கொடைக்கானலில் அரை நாள்: தனி டாக்ஸியா, சைட்சீயிங் வேனா?

மாமா குடும்பம் வருகிறது, எதில் அனுப்பலாம் என்று தங்கை கேட்டாள். இரண்டிலும் சுற்றியவன் என்பதால் சொல்கிறேன்.

செலவு: வேனில் ஆளுக்கு வாங்குவார்கள், டாக்ஸியில் வண்டிக்கு. நாலு பேர் பங்கு போட்டால் வித்தியாசம் பெரிதாக வலிக்காது.

நேரம்: விஷயமே இங்கேதான். தூண் பாறை 400 அடி உயரம். பனிமூட்டம் இறங்கிவிட்டால் ஓர் அடிகூடத் தெரியாது. வேனில் போனபோது பத்து நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, ஹாரன் சத்தம் கேட்டு ஓடினோம். டாக்ஸிக்காரரோ, "ஒரு டீ குடிங்க சார், விலகிரும்" என்றார். பாதி டீயில் பாறைகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன.

நடை: கோக்கர்ஸ் வாக் சுமார் ஒரு கிலோமீட்டர். முட்டி வலிக்காரர் மெதுவாக நடக்கட்டும், டாக்ஸி மறுமுனையில் வந்து நிற்கும். வேன் காத்திருக்காது.

கதை சொல்வது: வேனில் வழிகாட்டி ஒப்பிப்பார். டாக்ஸியில் அது ஓட்டுநரின் வாயைப் பொறுத்தது. சிலர் சாக்லேட் கடை வாசலில்தான் அதிகம் நிறுத்துவார்கள்; ஏறும் முன்பே எந்தெந்த இடம் என்று பேசிவிடுங்கள்.

மாமாவுக்கு டாக்ஸிதான். தனியாகவோ இரண்டு பேராகவோ வந்தால் வேன் போதும், மிச்சக் காசுக்கு ஏரியில் படகு விடலாம்.