ட்ரையலா, ரெகுலர் ட்ரீட்மென்டா? கோத்தகிரியில இருந்து பாத்தா

அப்பாவுக்கு உள்ளங்கால்ல மெலனோமா, அதாவது ஒரு வகை தோல் புற்றுநோய். தோட்டத்துல அட்டை கடிச்ச தழும்புன்னு நாங்க விட்டுட்டோம், கீழ ஒரு கிளினிக்ல கால் ஆணின்னு செதுக்கி அனுப்பிட்டாங்க, பயாப்சிக்கே குடுக்கல. வெயிலே படாத உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் நம்ம ஆளுங்களுக்கு இது அதிகமா வருதாம், அதுவே அப்புறம்தான் தெரிஞ்சுது. நுரையீரலுக்கு பரவுனப்புறம் ரெண்டு வழி இருந்துச்சு, கோவையில காசு கட்டி நிவோலுமாப்னு ஒரு இம்யூனோதெரபி மருந்து (நம்ம எதிர்ப்பு சக்தியவே கேன்சர தாக்க வைக்கிறது) ஏத்தணும், இல்லன்னா சென்னையில புது மருந்த நோயாளிங்களுக்கு குடுத்து சோதிச்சு பாக்குற ட்ரையல். நாங்க ட்ரையல் எடுத்தோம்.

காசு பத்தி சொல்லவே வேணாம், மருந்தும் ஸ்கேனும் ட்ரையல்ல ஃப்ரீ. சித்தப்பா மட்டும் "அண்ணனை எலியாக்கிடாதடா"ன்னு ஒரே சண்டை. எங்க ட்ரையல்ல ரெண்டு குரூப்புக்கும் நிவோலுமாப் உண்டு, ஒண்ணுக்கு கூடவே ஒரு புது மருந்து, அவ்ளோதான். எந்த குரூப்னு கம்ப்யூட்டர்தான் எடுக்கும். வேணாம்னா எப்ப வேணா வெளிய வந்துடலாம், ட்ரையலால பாதிப்பு வந்தா வைத்தியம் அவங்க பொறுப்புன்னு ட்ரையலுக்கான 2019 அரசாங்க ரூல்ஸ்லயே இருக்கு. 2009லேர்ந்து சிடிஆர்ஐல (இந்தியாவுல நடக்குற ட்ரையல்களோட அரசு பதிவேடு) பதியாம ட்ரையல் நடத்த முடியாது, அந்த நம்பர கேட்டு வாங்கி நெட்ல பாத்துட்டுதான் கையெழுத்து போட்டோம்.

ஆனா உண்மையான கஷ்டம் விசிட்தான். கோவைன்னா காலைல பஸ் ஏறி சாயங்காலம் வீடு, டிரிப்ஸ் அரைமணி நேரம்தான், ரத்தம் இங்கயே லேப்ல குடுத்து ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்ல அனுப்பிடலாம், ரோடு மூடுனா டாக்டர்கிட்ட கேட்டுட்டு நாலு நாள் தள்ளி போலாம். ட்ரையல்ல அந்த பேச்சே இல்ல, குறிச்ச தேதிக்கு மூணு நாள் முன்ன பின்ன, ரத்தமும் அங்கயே போய்தான் குடுக்கணும். நவம்பர்ல மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சு ஜீப்லயே ராத்திரி வரைக்கும் உக்காந்திருந்தோம், சென்னைக்கு போற நீலகிரி எக்ஸ்பிரஸ் போயிடுச்சு. ட்ரையல் விசிட்ட பாத்துக்குற கோஆர்டினேட்டர் மேடம் போன்ல "பதறாதீங்க, நாளைக்கு ஏறுங்க, இன்னும் ரெண்டு நாள் இருக்கு"ன்னாங்க. அதுலேர்ந்து மழை மாசத்துல ரெண்டு நாள் முன்னாடியே இறங்கி மேட்டுப்பாளையத்துல அத்தை வீட்ல தங்கிடுறோம். போக்குவரத்து காசு எனக்கும் சேத்து குடுக்குறாங்க, பஸ் டிக்கெட்ட கூட வெள்ளைத்தாள்ல ஒட்டி அப்பாவே கையெழுத்து போட்டு குடுப்பாரு, எஸ்டேட் கணக்கப்பிள்ளை மாதிரி.

மாத்திரை வழின்னு ஒண்ணும் இருக்கு, அதுக்கு கட்டியில பிராஃப் (BRAF) மியூட்டேஷன்னு ஒரு மரபணு மாற்றம் இருக்கணும், அப்பாவுக்கு இல்ல, அதனால அத பத்தி அனுபவமா சொல்ல எங்ககிட்ட ஒண்ணுமில்ல. ட்ரையல்லயும் ஏழு மாசம்தான் ஆகுது, போன ஸ்கேன்ல கட்டி பெருசாகல, அது புது மருந்தாலயா பழசாலயான்னு கேட்டா டாக்டரே சிரிக்கிறாரு.

துணைக்கு கூட போக ஒரு ஆள் நிரந்தரமா இல்லன்னா நான் கோவையத்தான் சொல்லுவேன். ஆள் இருந்தா கையெழுத்துக்கு முன்னாடி விசிட் அட்டவணைய வாங்கி அக்டோபர், நவம்பர்ல எத்தனை தடவை மலை இறங்கணும்னு எண்ணிடுங்க. எங்களுக்கு நாலு வந்துச்சு.