மன்னிக்கவே மாட்டேன்: சட்டைப்பை வயர்லெஸ் செட்டோடு ஏழு மாதம்

இந்த வயர்லெஸ் மைக் செட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பூம், அதாவது நீண்ட கோலின் முனையில் மாட்டிய மைக், பிடிக்க ஆள் இருக்கிறாரா? இருக்கிறார் என்றால் இது அவருக்குத் துணை. இல்லையென்றால் இதை மட்டுமே நம்பிப் படப்பிடிப்புக்குப் போகப்போகிறீர்கள். அப்படியானால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டிரான்ஸ்மிட்டர் இரண்டு, ஒரு ரிசீவர், மூன்றையும் உள்ளே வைத்துச் சார்ஜ் ஏற்றும் ஒரு பெட்டி. வேலை செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸில். டிரான்ஸ்மிட்டருக்குள்ளேயே ஒரு மைக் இருக்கிறது. வெளி மைக்கைச் செருக 3.5 மில்லிமீட்டர் துளையும் உண்டு. 32 பிட் ஃப்ளோட்டில், அதாவது முணுமுணுப்பையும் அலறலையும் ஒரே பதிவில் தாங்கும் முறையில், தானே பதிவு செய்துகொள்ளும். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. நான் அடுக்கப்போகும் குறைகளில் பாதி இந்த வகையில் வரும் எல்லாச் செட்டுகளுக்கும் உரியவை. ஒருவரை மட்டும் சந்தியில் நிறுத்துவது நியாயமில்லை. இதற்கு முன் பதினான்கு வருடம் யுஎச்எஃப் செட்டுகளோடு, அதாவது 600 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசையில் ஓடும் வயர்லெஸ் மைக்குகளோடு, மாரடித்தவன் நான். ஆகவே கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் காலை, படக்குழு வருவதற்கு முன், வெறும் கூடத்தில் சோதித்தோம். உதவியாளர் டிரான்ஸ்மிட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே நடந்தார். எழுபது அடி தாண்டியும் ஓர் எண்கூடத் தவறவில்லை. எனக்கே ஆச்சரியம். பத்து மணிக்கு நாற்பது பேர் வந்து நிறைந்தார்கள். நாற்பது பேர் பையிலும் செல்பேசி, கேமராவிலிருந்து மானிட்டருக்குப் படம் அனுப்பும் கருவி வேறு. நடிகரின் இடுப்புக்குப் பின்னால் டிரான்ஸ்மிட்டரைக் கட்டியிருந்தேன். கோபத்தின் உச்சத்தில் அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நான் உன்னை மன்னி..." என்றது ஹெட்ஃபோன். "...க்கவே மாட்டேன்" காற்றோடு போய்விட்டது. இயக்குநர் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கவில்லை. டேக் ஓகே என்று கையை உயர்த்தினார்.

காரணம் ரகசியமில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். அது இந்த அலையை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், தாண்டிப்போக விடாது. 600 மெகாஹெர்ட்ஸில் அலை நீளம் அரை மீட்டர். அது உடம்பைச் சுற்றி ஓரளவு வளைந்து வந்துவிடும். போதாக்குறைக்கு, வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் குடியிருப்பது இதே 2.4இல்தான். உரிமம் கேட்காத அலைவரிசை என்பதால் ஊரே அங்கே வந்து நிற்கிறது. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரம், திறந்த வெளியில் குறுக்கே ஒரு தலை இல்லாமல் அளந்த தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழகப் பழக இரண்டு வழி கண்டுபிடித்தேன். ரிசீவரைக் கேமராவின் மேல் மாட்டுவதை விட்டுவிட்டு, விளக்குக் காலொன்றில் எல்லார் தலைக்கும் மேலே ஏற்றி வைத்தேன். டிரான்ஸ்மிட்டரை எங்கே கட்டுவது என்பதை உடை ஒப்பனை நேரத்தில் தீர்மானிப்பதில்லை. ஒத்திகையைப் பார்த்த பிறகு, நடிகர் எந்தப் பக்கத்தை ரிசீவருக்கு அதிகம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம் கட்டுகிறேன். இவை இரண்டாலேயே அறுபடுவது பெருமளவு குறைந்தது. அடியோடு நின்றது என்று சொன்னால் பொய்.

யுஎச்எஃப் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்கலாம். கேளுங்கள். அதற்கு நாட்டுக்கு நாடு வேறு விதி, அனுமதி, உரிமம். இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை 600.0, 600.4 என்று வைத்தால், அவை கலந்து 599.6இலும் 600.8இலும் பேய் மாதிரி இரண்டு அலைகளைப் பெற்றுப் போடும். அது தெரியாமல் மூன்றாவது மைக்கை 600.8இல் வைத்துவிட்டு அரை நாள் நான் கேபிளைச் சந்தேகித்த கதையெல்லாம் உண்டு.

இப்போது இந்தச் செட்டை நான் ஏன் திருப்பி அனுப்பவில்லை என்பதற்கு வருகிறேன். அன்று இரவு டிரான்ஸ்மிட்டரைக் கணினியில் செருகினேன். "நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன்." முழுதாக, ஓர் எழுத்தும் சிதையாமல், அவர் இடுப்பிலேயே இருந்தது. அலை அறுந்தாலும் உள்ளே இருக்கும் பதிவு அறுவதில்லை. என்னைக் கேட்டால் இது வயர்லெஸ் மைக் அல்ல. நடிகரின் பையில் போடும் ரெக்கார்டர், கூடவே காதில் கேட்டுக்கொள்ள ஓர் அலை. அப்படி நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. எரிச்சல் ஒன்றுதான்: இந்த உள்பதிவு, பெட்டியைத் திறந்ததும் அணைந்த நிலையில் இருக்கிறது. செல்பேசிச் செயலிக்குள் மூன்றாவது அடுக்கில் போய், எப்போதும் பதிவு செய் என்று நாம் சொல்ல வேண்டும். தலைவாசலில் இருக்க வேண்டியதைப் பரணில் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, நீண்ட பதிவுகளில் கேமராவின் கடிகாரத்தோடு மெல்ல விலகுகிறது. ஒரு மணி நேர நேர்காணலின் முடிவில் உதட்டசைவு இரண்டு பிரேம் தள்ளி நின்றது.

32 பிட் ஃப்ளோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் முடியும் காட்சியில், கெயினை, அதாவது ஒலியை எவ்வளவு பெருக்குவது என்பதை, யோசிக்காமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. ஆனால் மைக்கின் தலையே தாங்காமல் நொறுங்கிய ஒலியையோ, சட்டை உரசிய ஒலியையோ எந்த பிட்டும் மீட்டுத் தராது. சரசரப்பும் 32 பிட்டில் தெள்ளத் தெளிவாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

சரசரப்பு என்றதும் செட்டோடு இலவசமாக வந்த லேப்பல் மைக்குகளை, அதாவது சட்டையில் குத்தும் சின்ன மைக்குகளை, சொல்ல வேண்டும். தலை பருத்தது, கேபிள் விறைப்பானது. காலரில் வெளியே தெரியும்படி குத்தி நேர்காணல் எடுக்கப் போதும். சட்டைக்குள் ஒளித்தால், கேபிளில் விரல் பட்டாலே ஹெட்ஃபோனில் இடி இடிக்கிறது. என்னிடம் முன்பே இருந்த சாங்கென் காஸ் 11டி மைக்கை மாட்டினேன். தலையின் குறுக்களவு 4 மில்லிமீட்டர். அதே டிரான்ஸ்மிட்டர், அதே சட்டை, வேறு உலகம். டிபிஏ 6060 இன்னும் சிறியது, 3 மில்லிமீட்டர்; பொத்தான் துளைக்குள் நுழைந்துவிடும். ஆனால் முனை பொருந்துகிறதே என்று எதையும் செருகிவிடாதீர்கள். உள்ளே கம்பி இணைப்பும் டிரான்ஸ்மிட்டர் கொடுக்கும் மின்னழுத்தமும் அந்த மைக்குக்கு ஒத்துப்போக வேண்டும். முனையில் திருகு இருப்பது நல்லது. திருகில்லாத முனை, நடிகர் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தால் கழன்றுகொள்கிறது.

ஒளிப்பதில் என் கைவழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செட்டின் தரத்தைவிட இதில்தான் பாதி விதி இருக்கிறது. ஒரு அங்குல அகலமுள்ள மருத்துவ ஒட்டுநாடாவைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடிக்கிறேன். அப்படி இரண்டு. நடுவில் மைக்கின் தலையை வைத்து அழுத்தினால், துளை மட்டும் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஒரு முக்கோணத்தின் பசை சட்டையைப் பிடித்துக்கொள்ளும், மற்றதன் பசை தோலையோ உள்சட்டையையோ பிடித்துக்கொள்ளும். துணி மைக்கின் மேல் நகர்ந்தால்தானே உரசும்? இப்போது மூன்றும் சேர்ந்து நகர்கின்றன. தலைக்குக் கீழே கேபிளை ஒரு விரல் நுழையும் அளவுக்கு வளைத்து, அந்த வளையத்தையும் ஒட்டிவிடுகிறேன். கீழே எங்காவது இழுபட்டால் அதிர்வு அந்த வளையத்தோடு நின்றுவிடும். மார்பில் முடி அடர்ந்தவர் என்றால் மைக்கைத் தோலில் வைக்காமல் துணியில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை உதவியாளர் வந்து, "அண்ணா, பக்கத்தில் எங்கோ காகிதம் கசங்குகிறது" என்றார். காகிதமெல்லாம் இல்லை.

துணி மைக்கில் உரசும் ஒலிக்குத்தான் இந்த வைத்தியம். துணியே துணியோடு உரசி எழுப்பும் ஒலிக்கு ஒட்டுநாடா என்ன செய்யும்? உடை தேர்வு செய்பவரிடம் முன்கூட்டியே போய், துணியைக் காதருகே இரு விரலால் தேய்த்துப் பார்க்கிறேன். பருத்தி பெரும்பாலும் வாயைத் திறக்காது. நைலான் மேல்சட்டை என்றால் அன்றைக்குப் பூம் மட்டும்தான் கதி.

மார்பில் வைத்த மைக்கின் குரல் கொஞ்சம் பானைக்குள்ளிருந்து வருவதுபோல்தான் இருக்கும். 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் நெஞ்சுக்கூடு தூக்கிக் கொடுக்கிறது; சொல்லைத் தெளிவாக்கும் 3,000, 4,000 ஹெர்ட்ஸ் பகுதி தாடைக்குக் கீழே வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடுகிறது. மேலே துணியும் மூடினால் இன்னும் மெலியும். இது எந்த விலையுயர்ந்த மைக்குக்கும் உள்ளதுதான். படத்தொகுப்புக்குப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், பதிவின்போது நான் கைவைப்பதில்லை.

நான் எதிர்பார்க்காத பயன் வேறு இடத்தில் கிடைத்தது. ஆளின் மேல் எதையும் கட்டாமல், டிரான்ஸ்மிட்டரையே பொருள்களுக்கு நடுவே ஒளித்து வைத்தேன். காரின் வெயில் தடுப்பில் ஒன்று, புத்தக அலமாரியில் சுவரை ஒட்டி இன்னொன்று. திடமான சுவரோடு ஒட்டி வைத்தால் ஒலி அழுத்தம் இரட்டித்து ஆறு டெசிபல் வரை கூடக் கிடைக்கும். இழுக்கக் கேபிள் இல்லை, உரசத் துணி இல்லை, பதிவு உள்ளேயே நடக்கிறது. ஓடும் காருக்குள் ஒலிப்பதிவாளருக்கு இடமே இருக்காது. அங்கே இந்தச் சின்னப் பெட்டி என் வேலையைப் பாதி பார்த்துவிடுகிறது.

பேட்டரி ஏழு மணி நேரம் என்றார்கள். உள்பதிவோடு ஐந்தரைதான் வருகிறது. கழற்றி மாற்ற முடியாது. மதிய இடைவேளையில் மறக்காமல் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

அந்த இடைவேளைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ரிசீவரில் ஒலியை அடக்கிவிட்டால் மைக் செத்துவிட்டது என்று நடிகர்கள் நினைக்கிறார்கள். இந்தச் செட்டில் அது உண்மையில்லை. பையிலிருப்பது விடாமல் பதிவு செய்துகொண்டே இருக்கும். நடிகை ஒருவர் ஷாட் முடிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிய இருபது நிமிடம் கோப்பில் கிடந்ததை இரவில்தான் பார்த்தேன். முதல் வரியிலேயே நிறுத்தி அழித்துவிட்டு, மறுநாள் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை. இப்போது மைக் பொருத்தத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும்போதே, இது இடைவிடாமல் பதிவு செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளை என்றதும் முதல் ஆளாகப் போய்க் கழற்றுவதும் நான்தான். டிரான்ஸ்மிட்டரின் மேலேயே பதிவை நிறுத்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் மூன்று விநாடி அழுத்த வேண்டும், விளக்கின் நிறம் மாறுவது வெயிலில் தெரிவதில்லை.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பூம் இல்லாமல் இதை மட்டும் நம்புபவர்களுக்கு இரண்டரை. வாங்குவதாக இருந்தால் நல்ல லேப்பல் மைக் ஒன்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். இலவசமாக வந்த இரண்டும் என் பையில்தான் இருக்கின்றன. புதிதாக வரும் உதவியாளர்கள் முக்கோணம் மடித்துப் பழக அவற்றைத்தான் கொடுக்கிறேன். போன வாரம் ஒருவர் துளையின் மேலேயே நாடாவை ஒட்டிவிட்டார்.