ஜெபக் குறிப்பேடு: எட்டு மாதம் எழுதிய பிறகு

அக்கா பிறந்தநாளுக்குக் கொடுத்த ஜெபக் குறிப்பேடு இது. கெட்டி அட்டை, 200 பக்கம், நடுவில் ஒரு நாடா. இதற்கு முன்னும் இப்படி நோட்டுகள் வாங்கியிருக்கிறேன், எல்லாம் பத்துப் பக்கத்தோடு நின்றுபோயின. இது நிற்காததற்குக் காரணம், ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அச்சிட்டிருக்கிற ஒரு கேள்வி: "இதை முதலில் யாரிடம் சொன்னேன்?"

முதல் வாரம் அந்தக் கேள்வியைத் தாண்டித்தான் எழுதினேன். என் கணவருக்கு வேலை போன அன்று தாண்ட முடியவில்லை. அந்தப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மாலை 4.20, செய்தி வந்தது. அக்கா, தம்பி, அவருடைய பழைய மேலாளர், கூட வேலை பார்த்த இரண்டு பேர், போதகர். ஜெபம் இரவு 11." போதகரிடம் "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க ஐயா" என்று கேட்டவள் நான். கேட்டு முடித்து போனை வைத்த பிறகும் நான் ஜெபிக்கவில்லை. இருபது வருஷமாகச் சபைக்குப் போகிறேன். கர்த்தர் ஏழாவது ஆளாக நின்றிருந்தார். அதை என் கையெழுத்திலேயே பார்த்தபோது அழுதுவிட்டேன்.

மாதத்துக்கு ஒரு வேதாகம மனிதரைப் பற்றி இரண்டு பக்கம் வருகிறது. யூதாவின் ராஜா எசேக்கியா, அசீரிய ராஜா அனுப்பிய மிரட்டல் நிருபத்தை (கடிதத்தை) ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்ததை நன்றாக எழுதியிருக்கிறார்கள். அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது யோசுவா 9. பக்கத்தில் குடியிருந்த கிபியோனியர், பூசணம் பூத்த அப்பத்தையும் கிழிந்த தோல் துருத்திகளையும் காட்டி, தூரதேசத்தார் என்று இஸ்ரவேலரை ஏமாற்றி உடன்படிக்கை செய்துகொண்ட கதை சிறுவயதிலிருந்தே தெரியும். இஸ்ரவேலர் அசட்டையாக இருக்கவில்லை, அந்த அப்பத்தை வாங்கிப் பார்த்தார்கள், விசாரித்தார்கள். கர்த்தரிடம் மட்டும் கேட்கவில்லை. நானும் எதையும் தீர விசாரிக்கிறவள்தான். அதனால் அந்தப் பகுதி எனக்கென்றே எழுதினதுபோல இருந்தது.

நெகேமியா பகுதி குறைபட்டது. அவர் பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரர், எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டப் போக விரும்பியவர். ராஜா கேட்ட கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் அவர் ஜெபித்ததை மட்டும் சொல்லி, ஒரு மூச்சு ஜெபம் போதும் என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் ஏறக்குறைய நான்கு மாத உபவாசமும் அழுகையும் இருக்கிறது, முதல் அதிகாரத்தைப் படித்தாலே தெரியும். ஜெபித்துவிட்டுச் சும்மாவும் இருக்கவில்லை. ராஜாவிடம் வழிப்பயணத்துக்குக் கடிதம் கேட்டார், கட்டுவதற்கு மரம் கேட்டார். இதைச் சேர்த்திருந்தால், ஜெபித்தால் போதும், வேலை தேட வேண்டாமா என்று குழம்புகிறவர்களுக்கு உதவியிருக்கும்.

தாள் மெல்லிசு, மைப்பேனா வேண்டாம்.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது "பதில் கிடைத்த தேதி" என்ற சின்னக் கட்டம். கணவர் வேலைக்கான பக்கத்தில் அதை நிரப்பினேன், நான்கு மாதம் பிடித்தது, ஸ்தோத்திரம். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் வந்த நாளில் கவரைப் பிரிக்காமல் கட்டிலில் வைத்து, பக்கத்தில் முழங்கால் போட்டேன். பெரிய வார்த்தை ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, இதை நீங்களே முதலில் பாருங்க" என்றேன். பிறகு பிரித்தேன். ரிப்போர்ட் நல்லதாக இல்லை. ஆனால் அக்காவுக்குப் போன் போட்டபோது டாக்டர் பெயர், அடுத்த பரிசோதனை நாள் எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்ல முடிந்தது. முந்தைய தடவை என்னைத் தேற்றுவதே அவளுக்கு வேலையாக இருந்தது.

அம்மாவுக்குச் சிகிச்சை இன்னும் முடியவில்லை. பதிலுக்காக இன்னும் காத்திருக்கிறவர்களுக்கு இந்த நோட்டில் இடமே இல்லை. கடைசியில் கொடுத்திருக்கும் வசனங்கள் எல்லாம் வாக்குத்தத்தங்கள், கர்த்தர் செய்வேன் என்று சொன்ன வார்த்தைகள். "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கும் 13ஆம் சங்கீதம் இல்லை, இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதம் இல்லை. அடுத்த பதிப்பில் அவசியம் சேர்க்க வேண்டும்.

ஆனாலும், அந்த ஒரு கேள்விக்காகவே வாங்கலாம் என்பேன். எனக்கு இரண்டாவது நோட்டு வந்துவிட்டது. அதன் முதல் பக்கத்தில் அம்மாவின் பெயரை எழுதி, பதில் தேதிக் கட்டத்தில் பென்சிலால் "சங்கீதம் 13" என்று குறித்திருக்கிறேன்.