குழந்தைகளோடு பாய்மரப் பயணம்: புதுச்சேரியா, துறைமுகப் பக்கமா, கொச்சியா?

சென்னையில் குடும்பத்தோடு பாய்மரப் படகில் கிளம்ப ஆசைப்படுகிறவர்கள் முதலில் தூரத்தைக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒதுங்குமிடத்தைக் கணக்குப் போடவேண்டும். சென்னைத் துறைமுகத்தை விட்டால் தெற்கே புதுச்சேரி வரை, கீல் (அடியில் நீருக்குள் நீளும் கனத்த தகடு) உள்ள படகு நம்பி நுழைய ஒரு துறை கிடையாது. கரை ஏறக்குறைய நேர்கோடு. கோவளம், பாலாறு என்று கழிமுகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றின் வாயிலும் மணல்மேடு. காற்று கூடினாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, வந்த வழியே திரும்ப வேண்டும், அல்லது கடைசி வரை போய்ச் சேர வேண்டும். கீழே உள்ள வழிகளை அந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறோம்.

முதலில் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேச்சே வேண்டாம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. அரையாண்டு விடுமுறையை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது. பொங்கலில் இருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் நல்ல காலம். வாடை தணிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. கோடை விடுமுறை பள்ளிக்குத் தோது, கடலுக்குத் தோதில்லை: மே மாதப் பிற்பகலில் தென்கிழக்குக் கடற்காற்று வலுத்து, குட்டைக் குட்டையாய் அலை எழும்பி, 25 அடிப் படகைக் குலுக்கி எடுத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் இருக்காது, ஆனால் ஃபைபர் படகுகளும் அவற்றின் வலைகளும் அப்போதும் உண்டு. கோடையில் போயே ஆகவேண்டும் என்றால் காலை பத்து மணிக்குள் திரும்பிவிடுகிற பயணமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி. எல்லாருக்கும் ஆசை இதில்தான். கடல்வழியாக ஏறத்தாழ 75 கடல் மைல். ஐந்து நாட் வேகத்தில் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) 15 மணி நேரம். ஆனால் பிப்ரவரியிலிருந்து இந்தக் கரையோர நீரோட்டம் வடக்கு நோக்கித் திரும்புகிறது. எதிரே ஒரு நாட் ஓடினால் உங்கள் வேகம் நான்கு, பயணம் கிட்டத்தட்ட 19 மணி நேரம். ஜனவரியில் போகும்போது வாடை பின்னால் இருக்கும், திரும்பும்போது அதையே எதிர்த்து இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்து ஏறவேண்டும். ஆக, மாதத்தை எப்படி மாற்றினாலும் ஒரு பக்கம் சுகம், மறுபக்கம் தண்டனை.

எப்போது கிளம்பினாலும் ஒரு இரவு கடலில்தான். பிற்பகல் நான்கு மணிக்குத் துறைமுகத்தை விட்டால், எல்லாம் சரியாக நடந்தால், காலை ஏழுக்குப் புதுச்சேரி. நள்ளிரவுக்குச் சற்று முன்னே கல்பாக்கம் வரும். அணுமின் நிலையத்தை ஒட்டிய கடல் தடைப்பகுதி, நன்றாக வெளியே விலகிப் போகவேண்டும். விலகப் போனால் கப்பல் போக்குவரத்துக்குப் பக்கத்தில் போகிறீர்கள். கரையோரம் வந்தால் வலை. இரவில் விரிக்கிற நைலான் வலைக்கு அடையாளம் ஒரு தெர்மாகோல் துண்டோ கொடிக்கம்போதான். விளக்கு இருந்தால் அதிர்ஷ்டம். புரொப்பல்லரில் வலை சுற்றிக்கொண்டால் உடனே நியூட்ரல், பிறகு இன்ஜினை நிறுத்துங்கள். பதற்றத்தில் ரிவர்ஸ் போடுவதுதான் பலரும் செய்வது, அது வலையை இன்னும் இறுக்கி ஷாஃப்ட்டையே கெடுத்துவிடும். பாயில் விலகி வெளியே போய், வெளிச்சம் வந்தபிறகு அறுக்கலாம்.

போய்ச் சேர்ந்தாலும் முடிந்துவிடாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் சேர்வதும் தூர்வாருவதும் மாறி மாறி நடக்கிறது. ஒன்றரை மீட்டர் கீலோடு, அன்றைய ஆழத்தை உள்ளூரில் விசாரிக்காமல் நுழையக்கூடாது. வெளியே நங்கூரமிட்டால் அலையில் இரவு முழுக்கப் படகு பக்கவாட்டில் ஆடும், பிள்ளைகள் தூங்காது.

இதில் ஆள் கணக்கு ஒன்றும் இருக்கிறது. இரண்டு பெரியவர், இரண்டு குழந்தைகள் என்றால், படகை ஓட்ட மிஞ்சுவது ஒருவர்தான். மற்றவர் கை பிள்ளைகளோடு போய்விடும். 15 மணி நேரம் ஒருவரே ஓட்டுவது பயணமாக இருக்காது. கடல் தெரிந்த மூன்றாவது, நான்காவது பெரியவர் இல்லாமல், பத்து வயதுக்குக் கீழுள்ளவர்களோடு புதுச்சேரியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெரியவர்கள் மட்டும் படகில் போய், பிள்ளைகள் ஈ.சி.ஆரில் காரில் வந்து சேர்வது சற்றும் அவமானம் இல்லை.

துறைமுகத்தை மையமாக வைத்த பகல் பயணம். கேட்க மந்தமாகத் தெரியும், ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு இதுதான் சரி. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுகத்துக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும். குழந்தைகளுக்கும் அடையாள அட்டையை முன்கூட்டியே கொடுத்து வைத்தால் வாசலில் நேரம் போகாது.

காலை ஆறரைக்கு வெளியே வந்தால் கரைக்காற்று மெல்ல வீசும், நீர் தட்டையாக இருக்கும். மெரினா கலங்கரை விளக்கம், சாந்தோம் கோபுரம், அடையாறு முகத்துவாரம் வரை இறங்கலாம். ஆழம் 10 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் கரையோர உடையலையில் மாட்ட மாட்டீர்கள். பதினொன்றுக்கு மேல் காற்று கடல் பக்கம் திரும்பும். அதற்குள் திரும்பும் வழியில் இருந்தால், தென்கிழக்குக் காற்று உங்களைப் பின்னாலிருந்து தள்ளிக் கொண்டுபோய் விடும். கிளம்பும் முன் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறதா என்று பாருங்கள், கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை எச்சரிக்கையையும் வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் படியுங்கள். வெளியே நங்கூரமிட்ட கப்பல்களை அசையாதவை என்று நினைத்துக் குறுக்கே போகவேண்டாம். 12 நாட் வேகத்தில் வரும் கப்பல் ஒரு கடல் மைலை ஐந்தே நிமிடத்தில் தாண்டும்.

இங்கே அடிக்கடி தடைபடுவது இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர். மழைக்குப் பிறகு கூவமும் அடையாறும் ஆகாயத்தாமரையைக் கடலில் தள்ளும், பிளாஸ்டிக் பை எப்போதும் உண்டு. புகைப்போக்கியில் நீர் துப்புவது குறைந்தால் அலாரத்துக்குக் காத்திருக்காதீர்கள்: பாயை வைத்துக்கொண்டு இன்ஜினை நிறுத்தி, கடல்நீர் வால்வை மூடி, வடிகட்டியின் மூடியைத் திறந்து குப்பையை எடுங்கள். ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து மூடுங்கள். அது மடிந்திருந்தால் காற்று இழுத்து, நீர் ஏறாது. வால்வைத் திறந்து ஸ்டார்ட் செய்தபின் ஒரு நிமிடத்துக்குள் நீர் வராவிட்டால் நீரேற்றும் பம்பின் சுழலியான இம்பெல்லர் போயிருக்கிறது. உதிரி ஒன்று கையில் இருக்கட்டும்.

முட்டுக்காடும் பழவேற்காடும் இந்தப் போட்டியில் பாதிதான். முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுக் குழாம் இயங்குகிறது. ஆழம் குறைந்த காயல், டிங்கி என்கிற சிறு படகில் பாய் பிடிக்கப் பழக ஏற்ற இடம், அவ்வளவே. பழவேற்காடு ஏரி பறவைகளுக்குப் போக வேண்டிய இடம், படகுக்கு இல்லை. 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து ஒரே குடும்பத்து உறவினர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உல்லாசப் படகுச் சவாரி என்று யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

உண்மையிலேயே நாலைந்து நாள் படகில் கழிக்க வேண்டும் என்றால் கொச்சி. இரவு ரயில், காலையில் எர்ணாகுளம். போல்காட்டியில் 2010-இல் திறந்த மரினா இருக்கிறது. கரையோடு கட்டி, குழாய்த் தண்ணீர், மின்சாரத்தோடு தூங்கலாம். டிசம்பரிலேயே பருவம் தொடங்கிவிடும், அதனால் அரையாண்டு விடுமுறைக்கும் ஒத்துவரும். காயலுக்குள் அலை இல்லை, பிற்பகல் கடற்காற்று நம்பகமானது. குறைகளும் உண்டு. சாலைப் பாலங்களின் கீழே 12 மீட்டர் மாஸ்ட் (பாய் கட்டும் கம்பம்) போகாது, எனவே வரைபடத்தில் தெரிகிற காயலில் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை. கப்பல் வாய்க்காலில் ஃபெர்ரிகளும் வாட்டர் மெட்ரோவும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். துறைமுக வாயைத் தாண்டிக் கடலுக்குப் போவதென்றால், வற்றும் நீர் வெளியேறி அலையோடு மோதும் நேரத்தைத் தவிர்க்கவும்.

எந்த வழியானாலும் பிள்ளைகளுக்கான ஏற்பாடு ஒன்றே. காற்று நிரப்புகிற வகை வேண்டாம், நுரை வைத்த லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள், எடைக்கேற்ற அளவில், கால்களுக்கிடையே வார் உள்ளதாக. மாட்டிவிட்டுத் தோள்பட்டையில் பிடித்துத் தூக்குங்கள். முகவாய்க்கு மேல் ஏறினால் அது பெரிய அளவு, அடுத்த வருடம் சரியாகும் என்று வாங்காதீர்கள். குடிநீர் தலைக்கு நாளுக்கு மூன்று லிட்டர், அதோடு ஒரு நாள் உபரி. சாப்பாட்டுக்கு மிளகாய்ப்பொடி தடவாத இட்லி, கொஞ்சம் உப்புத் தூக்கலாகத் தயிர்சாதம். எண்ணெய்ப் பூரி வாந்திக்கு அழைப்பிதழ். குமட்டல் மருந்து மருத்துவர் சொன்ன அளவில், கிளம்புவதற்கு முன்பே. ப்ரோமெத்தசின் இரண்டு வயதுக்குக் கீழே கூடவே கூடாது. மொபைல் போக, படகின் வி.எச்.எஃப். ரேடியோவை ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலில் வைத்திருங்கள்; கடலோரக் காவல்படை எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும எண் 1093 இரண்டையும் எட்டு வயதுப் பிள்ளையே அழைக்கும் அளவுக்குப் பழக்கி, கேபினில் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.